செயற்றிட்ட முகாமைத்துவம் படிக்கப் பணம் கட்டுமுன் வன்னியில் கேட்க வேண்டியவை

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: செயற்றிட்ட முகாமைத்துவத்தில் ஏதாவது சான்றிதழ் இருக்கிறதா? தொண்டு நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் வேலைக்கும் கேட்கிறார்கள், ஒப்பந்தகாரரிடம் தள மேற்பார்வையாளராகச் சேரப் போனாலும் கேட்கிறார்கள். ஆறு மாத டிப்ளோமா, வார இறுதி வகுப்பு, இணையவழி வகுப்பு என்று விளம்பரங்களுக்கும் குறைவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிற குடும்பங்களும் இருக்கின்றன. அப்படிக் கட்டுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது, அரச வழியில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். செயற்றிட்ட முகாமைத்துவம் என்றால் ஒரு வேலையைத் திட்டமிட்டு, ஆளையும் பணத்தையும் நாளையும் கணக்குப் பார்த்து முடித்துக் கொடுப்பதுதான். வன்னியில் பலர் இந்த வேலையை ஏற்கெனவே செய்து பழகியவர்கள். செய்த வேலைக்கு அத்தாட்சி இல்லாததுதான் அவர்களுடைய குறை.

முதலில் சட்டம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின்படி தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். அரச நிறுவனம், தனியார், தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான். நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. ஒரு நிறுவனம் பதிவாகி இருக்கலாம். அதன் கணினிப் பாடநெறி அங்கீகாரம் பெற்றும் இருக்கலாம். அதே கட்டடத்தில் நடக்கும் முகாமைத்துவ டிப்ளோமாவுக்கு எந்த அங்கீகாரமும் இல்லாமலும் இருக்கலாம். "நாங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்த நிறுவனம்" என்று சுவரில் மாட்டியிருக்கும் சட்டகம் உங்கள் கைக்கு வரப்போகும் சான்றிதழைப் பற்றி எதுவும் சொல்லாது. அரசு அங்கீகரிக்கும் தேசிய தொழிற் தகைமையைத்தான் என்.வி.கியூ என்கிறோம். எனவே கேட்கும் முறையை மாற்றுங்கள்: "அண்ணை, இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ இருக்கா? எத்தனையாம் மட்டம்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வழங்கப்பட்ட என்.வி.கியூ சான்றிதழ் உண்மையானதா என்றும் இணையத்தில் சரிபார்க்கலாம். வேலை தருகிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்த என்.வி.கியூவுக்கு ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். நாலாம் மட்டம் வரை கைத்தொழில் திறன். ஐந்துக்கு மேலே போகப் போகத் திட்டமிடல், மேற்பார்வை, செலவுக் கட்டுப்பாடு எல்லாம் சேரும். ஆகவே செயற்றிட்ட முகாமைத்துவம் என்ற பெயரிலேயே பாடநெறியைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கட்டுமானத் தொழில்நுட்பத்தில் ஐந்தாம் மட்ட டிப்ளோமா செய்கிறவர், பெயரளவு "முகாமைத்துவ டிப்ளோமா" வைத்திருக்கிறவரைவிட வேலைத்தளத்தில் உறுதியாக நிற்பார் என்பது என் எண்ணம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 2016இல் திறந்தது. ஜேர்மன் டெக் என்றால் எல்லோருக்கும் தெரியும். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையும், நைட்டா எனப்படும் அரச தொழிற் பயிலுநர் பயிற்சி அதிகார சபையும் மாவட்டந்தோறும் இயங்குகின்றன. இவற்றின் முழுநேரப் பாடநெறிகளில் பெரும்பாலானவை இலவசம்.

உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது; ஊரில் பலருக்கு அது தெரியாது. பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கற்கைகள் பீடத்தில் செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது, பட்டமும் வழங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமானது அது. அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக, இசட் புள்ளியின்படி. பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். விண்ணப்பக் கையேட்டில் அந்தப் பாடநெறியைத் தேடி, தெரிவுப் பட்டியலில் இடவேண்டியது உங்கள் வேலை. வீட்டுக்கு வெளியே பஸ் பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில் இலவசமாகக் கிடைக்கும் பட்டத்தை, தெரியாத காரணத்தால் ஒரு பிள்ளை தவறவிடக் கூடாது.

சரி, வகுப்புக்குப் போக நேரமில்லை, ஆனால் பத்து வருடமாக வேலைத்தளத்தில் நிற்கிறேன் என்பவர்களுக்கு? அவர்களுக்குத்தான் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை. ஆர்.பி.எல் என்று கேட்டால் அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள். பாடநெறி படிக்காமல், செய்து காட்டித் தகைமை பெறலாம். மதிப்பீட்டாளர் வருவார், அந்தத் தொழிலுக்கான நியமத்தை வைத்து உங்கள் வேலையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். ஏதாவது ஓர் அலகில் குறை இருந்தால் அதை மட்டும் பழகிக்கொண்டு திரும்ப மதிப்பீட்டுக்குப் போகலாம். மேசன் வேலை, மின்னிணைப்பு, குழாய் வேலை, தச்சு வேலை எனத் தொழில் வாரியாகத்தான் இது நடக்கும். போருக்குப் பிறகு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அத்திவாரம் முடிந்தால் அடுத்த பணம், கூரை மட்டம் வந்தால் அடுத்தது. மணலுக்கும் சீமெந்துக்கும் அலைந்து, மேசனைப் பிடித்து, அடுத்த கட்டப் பணம் வருமுன் கூலி கொடுத்துச் சமாளித்தவர்களில் குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் எத்தனையோ பேர். அந்த அனுபவத்துக்கு அப்படியே சான்றிதழ் தரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய மேசன் தன் தொழிலில் நாலாம் மட்டம் வரை கேட்கலாம். அங்கிருந்து டிப்ளோமாவுக்குப் போகலாம். இப்போதே செய்ய வேண்டியது, வேலை தந்தவரிடம் கடிதம் வாங்குவதும், வேலையின் புகைப்படங்களையும் அளவுப் பதிவுகளையும் சேர்த்து வைப்பதும்தான்.

படிக்கப் போவது என்னவென்று தெரிந்தால்தான் பாடநெறியின் தரத்தையும் மதிக்க முடியும். ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொள்வோம். 200 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்குப் பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கமக்காரர் அமைப்பு சிறு வேலைகளை ஒப்பந்தமாக எடுத்துச் செய்வதும் உண்டு. சிறுபோகத் தண்ணீர் முடிந்து குளம் வற்ற வேண்டும். பருவமழை தொடங்குமுன் அணைக்கட்டு மூடியாக வேண்டும். கிடைப்பது ஆவணியிலிருந்து புரட்டாதி வரையான சிறு இடைவெளி. அதற்குள் பழைய துருசை, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகை, உடைக்க வேண்டும், அத்திவாரம் தோண்ட வேண்டும், கம்பி கட்டி கொங்கிரீட் போட வேண்டும், அது இறுக நாள் கொடுக்க வேண்டும், பிறகுதான் அதன்மேல் மண் கொட்டி அணையை மூடலாம். இந்த வரிசையில் எந்த ஒன்றும் நாலு நாள் பிந்தினால் முழு வேலையும் நாலு நாள் பிந்தும். வாய்க்கால் துப்புரவும் அணைப்பாதைக்குக் கிறவல் போடுவதும் அப்படியல்ல. அவை நாலு நாள் பிந்தினாலும் முடிவுத் திகதி அசையாது. முதல் வகை வேலைகளின் சங்கிலியைத்தான் பாடத்தில் நெருக்கடிப் பாதை என்று படிப்பிக்கிறார்கள். 1957இல் அமெரிக்காவில் டூபொன்ட் நிறுவனம் தன் தொழிற்சாலை வேலைகளுக்காக உருவாக்கிய கணக்கு அது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதைத் துருசுப் பக்கம் அனுப்புவதா, வாய்க்காலுக்கு அனுப்புவதா என்று அந்தக் கணக்குச் சொல்லிவிடும்.

அதோடு பணத்தின் நாட்காட்டி. அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். நிதி விடுவிப்பு ஆண்டின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போனால், வேலை நேரே மழைக்குள் போய் விழும். வன்னியில் நல்ல திட்டமிடல் என்றால் ஐப்பசி மழையையும் மார்கழிக் கணக்கு முடிப்பையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதுதான். நீங்கள் சேரப்போகும் வகுப்பில் இப்படி ஓர் உள்ளூர் வேலையைச் செலவு மதிப்பீட்டிலிருந்து இறுதிக் கொடுப்பனவு வரை செய்து பார்க்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். ஸ்லைட் காட்டிவிட்டுப் பரீட்சை வைக்கிற வகுப்புக்குப் பெரிய கட்டணம் கொடுக்கத் தேவையில்லை.

பயிற்சிக்கு உண்மையான ஆவணங்கள் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தின் அல்லது வீதியின் மதிப்பீடு, வேலை அட்டவணை, கொடுப்பனவு விபரம் ஆகியவற்றை உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பிரதிகளுக்கு மட்டும் சிறு கட்டணம் வரலாம். எந்த நூலிலும் கிடைக்காத பாடம் அந்தத் தாள்களில் இருக்கும்.

செயற்றிட்ட முகாமையாளர்களுக்கான பி.எம்.பி என்ற சர்வதேசச் சான்றிதழ் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது இலங்கை அரசின் தகைமை அல்ல. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எம்.ஐ என்ற தொழில்சார் அமைப்பு வழங்குவது. நாலு வருடப் பட்டம் உள்ளவருக்குச் செயற்றிட்டங்களை நடத்திய 36 மாத அனுபவம், பட்டம் இல்லாதவருக்கு 60 மாத அனுபவம், கூடவே 35 மணி நேரப் பயிற்சி என்பது பலகாலமாக உள்ள நிபந்தனை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த அமைப்பின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்த ஒருவரிடம் "எங்களிடம் படித்தால் பி.எம்.பி" என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம். தொடக்கநிலைக்கு அதே அமைப்பின் சி.ஏ.பி.எம் என்ற சான்றிதழ் இருக்கிறது, அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும், வேலை அனுபவம் தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனங்களில் வேலை தேடுகிறவருக்கு இவை உதவும். ஊரில் ஒப்பந்தம் எடுக்கவோ அரச வேலைக்கோ இவை கட்டாயமில்லை.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் பிரதேச செயலகத்தில். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் அங்கே இருப்பார். துணுக்காயில் இருப்பவர் வவுனியாவுக்கு ஓடவேண்டியதில்லை. எந்த நிலையத்தில் எப்போது ஆட்சேர்ப்பு என்பதை அவரிடமே கேட்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேறுகள், வேலை செய்த இடங்களின் கடிதங்கள் எல்லாவற்றிலும் மூலமும் பிரதியும் ஒரு கோவையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் பின்வாங்கிவிட வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் திரும்பப் பெறலாம். அதற்கான விண்ணப்பத்தையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.