மரத்தூள் பொடியாக விழுந்தால் மிஷினை நிறுத்துங்கள்

சென்ற மாதம் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஓர் இளைஞர் மரம் அறுக்கும் மிஷினைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, எவ்வளவு இழுத்தாலும் கயிறு வரவில்லை என்றார். சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துக் காட்டினேன். வழவழப்பாக இருக்கவேண்டிய பிஸ்டனில், நகத்தால் பிராண்டியது போல் மேலிருந்து கீழாகக் கோடுகள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெட்ரோலில் ஆயில் எவ்வளவு ஊற்றுகிறாய் தம்பி?"

"நிறம் பார்த்துத்தான் ஊற்றுகிறேன், அண்ணே."

செயினைத் தடவிப் பார்த்தேன். ஒரு பல்லிலும் முனை இல்லை. ஆயில் குறைந்தது பாதிக் காரணம் என்றால் மீதிக் காரணம் இதுதான். மழுங்கிய செயின் மரத்துக்குள் தானாக இறங்காது. ஆள் மேலிருந்து அழுத்துவார், ஆக்சிலேட்டரை விடாமல் பிடிப்பார். நிமிடக்கணக்கில் அப்படி ஓடினால் சூடு ஏறி பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பரமக்குடி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக இந்த மிஷின்களைப் பிரித்து மாட்டுகிறேன். என் மேசைக்கு வரும் பெரிய பழுதுகளைத் தோண்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் அரம் படாத செயினில்தான் போய் முடிகிறது. கை, கால் காயங்களும் அப்படித்தான்.

எங்கள் மாவட்டத்தில் விறகு என்றால் சீமைக் கருவேலம்தான். கண்மாய், தரிசு, வயல் வரப்பு எங்கும் அதுவே. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்ட சமயத்தில் அரிவாளும் கோடரியும் வைத்திருந்தவர்கள்கூட மிஷினுக்கு மாறினார்கள். விறகுக் கடைக்கும் கரி மூட்டத்துக்கும் மரம் அறுப்பவர்கள் இன்று இது இல்லாமல் வேலைக்குப் போவதில்லை. ஆனால் வாங்கும்போது யாரும் மரத்தைப் பார்த்து வாங்குவதில்லை, பிளேட்டின் நீளத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

கருவேலத்தின் தண்டு பெரும்பாலும் ஓர் அடிக்கு உட்பட்டதுதான். அதற்கு 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் அந்தப் பிளேட்), மிஞ்சினால் 18 அங்குலம் போதும். இன்ஜின் 45 முதல் 50 சிசி இருந்தால் நாள் முழுக்க வேலை பார்க்கலாம். 22 அங்குல பார் மாட்டிய மிஷினைப் பெருமையாக வாங்கிப் போகிறவர், கூடுதல் எடையையும் தீட்டவேண்டிய கூடுதல் பற்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதன் நுனி மண்ணில் இடிக்கும், மறைவில் இருக்கும் கிளையில் படும். வீட்டு அடுப்புக்கு மட்டும் அறுப்பவருக்கு, பக்கத்தில் மின்சாரம் இருந்தால், கரண்டில் ஓடும் மிஷினே போதும்.

ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு வரும் மிஷின்களை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கூலிக்குப் போகிறவருக்கு அதுதான் கைக்கு எட்டும். ஆனால் ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற பெரிய கம்பெனிகளின் நிறத்தையும் எழுத்தையும் நகலெடுத்து விற்கும் போலிகள் வேறு விஷயம். அவற்றின் உதிரிபாகம் அசலிலும் சேராது, மற்றதிலும் சேராது. எந்த விலையானாலும் கடையிலேயே சிலவற்றைச் சோதியுங்கள். முன்னால் இருக்கும் கைக்காப்பைத் தள்ளினால் ஓடுகிற செயின் அந்தக் கணமே நிற்கவேண்டும். அதுதான் செயின் பிரேக். மிஷினைக் கீழே வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் செயின் அசையக்கூடாது. பாரின் நுனியை ஒரு அட்டைக்கு எதிரே, அதில் படாமல் பிடித்து வேகம் கொடுத்தால் அட்டையில் எண்ணெய் கோடாகத் தெறிக்கவேண்டும். தெறிக்கவில்லை என்றால் செயினுக்கு ஆயில் போகவில்லை. கடைசியாக, இதன் கார்பரேட்டரும் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெட்ரோலைப் பற்றி. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். உள்ளே தனியாக ஆயில் இல்லை, பெட்ரோலோடு கலந்து போகும் டூடி ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. மிஷினோடு வந்த தாளில் 50-க்கு 1 என்று இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக் கேனோடு கட்டிவையுங்கள், நிறம் பார்க்கும் வேலையே இல்லை. கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்ற எண்ணமும் தவறு. பிளக்கும் சைலன்சரும் கரியால் அடைத்துக்கொள்ளும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பல கம்பெனிகளின் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கிலேயே வாரக்கணக்கில் விட்டால் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு விறைத்துப்போகும், பெட்ரோல் குழாய் இளகிவிடும். அதனால் ஒன்றிரண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். அதையும் குடிதண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள்.

இனி அரம். எங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் கரி மூட்டத்துக்கு மரம் அறுப்பவர். டேங்க் பெட்ரோல் தீரும்போதெல்லாம் ஒரு கட்டையில் உட்கார்ந்து, மிஷினை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து அரத்தை எடுப்பார். பல்லுக்கு இரண்டு இழுப்பு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடாது. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மிஷினைத் திருப்பி மறுபக்கம். பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகாது. அவருடைய மிஷினுக்கு ஒன்பது வயது, நான் இன்னும் அதன் சிலிண்டரைத் திறந்ததில்லை.

அரம் உருண்டையானதாக, செயினுக்கு ஏற்ற அளவில் இருக்கவேண்டும். செயினை அதன் கண்ணி இடைவெளியை வைத்து அங்குலக் கணக்கில் சொல்வார்கள்: .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், சின்ன மிஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர். எந்தச் செயின் என்பது பாரின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும். பல்லின் மேல்தட்டில் சாய்வாக ஒரு கோடு தெரியும், அரம் அந்தக் கோட்டுக்கு இணையாகப் போகவேண்டும். பெரும்பாலான செயின்களில் அது 30 டிகிரி. எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் குட்டையாக நிற்கும் மேட்டைச் சிலர் வேகம் வேண்டும் என்று அளவில்லாமல் தேய்த்துவிடுகிறார்கள். அது பல்லின் உயரத்தைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருக்கவேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பல் மரத்தை வெறிபிடித்ததுபோல் கவ்வி மிஷினை எகிறவைக்கும்.

இந்தப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டுப்புழு கட்டையை இடமும் வலமும் மாறி மாறிச் சுரண்டிக்கொண்டு போவதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்த செயினைத்தான் இன்றும் நாம் மாட்டுகிறோம். புழுவைப் போலவே நல்ல செயினும் மரத்தைச் சீவி எடுக்கும். கீழே விழுவது துணுக்குகளாக இருந்தால் வேலை சரி. மாவுபோல் பொடியாக விழுந்தால் அப்போதே நிறுத்தி அரத்தை எடுங்கள். கருவேலத்தின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும், கட்டை தரையில் கிடந்தால் ஒரே அறுப்பில் முனை போய்விடும். நான்கு கம்புகளைப் பெருக்கல் குறிபோல் கட்டி அதன்மேல் கட்டையைத் தூக்கிவைத்து அறுத்தால் இடுப்பும் பிழைக்கும், செயினும் பிழைக்கும்.

முழு வேகத்தில் செயின் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால், கண் இமைப்பதற்குள் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். கருவேலம் புதராகப் பல தண்டு விட்டு நிற்பதால் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டு கையாலும், கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருக்கும்படி பிடியுங்கள், தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். ஒரு கையில் மிஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிறு இழுப்பதை எங்கும் பார்க்கிறேன். தயவுசெய்து தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு இழுங்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாக வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் மேஸ்திரிகள், மிஷின் வாங்கும் பணத்திலேயே பூட்ஸும் கண்ணாடியும் காதடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். தொடையிலும் முழங்காலிலும் எத்தனை தையல்களை நான் பார்த்திருக்கிறேன்!

செயினுக்கு வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத்தூளும் கரியும் ஆயில் பம்பை அரித்துவிடும். செயின் பாரின் அடியில் படிந்து நிற்கவேண்டும், கையால் இழுத்தால் நகரவேண்டும். சூடானபோது இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி பேரிங்கை நெரிக்கும். மாலையில் ஏர் பில்டரைத் தட்டி, பாரின் பள்ளத்தைக் கம்பியால் சுரண்டி, பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். பத்து நிமிட வேலை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மூட்டமும் நின்றுவிடும், மிஷினும் மூலைக்குப் போய்விடும். வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். செயினைக் கழற்றி ஆயிலில் ஊறவையுங்கள். பிளக் துளையில் நாலு சொட்டு டூடி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். தை மாதம் எடுக்கும்போது முதலில் அரம், பிறகு புதிதாகக் கலந்த பெட்ரோல், அதன் பிறகு கயிறு.