வெட்டிய பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் தானாக நிற்பது எப்படி?

மலேசியாவின் பாடாங் செராய் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஸ்டோரில் (தோட்டத்தில் பாலைப் பதப்படுத்தும் கூடத்தில்) பால் உறைவதற்கு அசிட் ஊற்றுகிறார்கள். மரத்தில் யாரும் எதையும் ஊற்றுவதில்லை. பிறகு எப்படி இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் தானாக நின்றுவிடுகிறது?" ரப்பர் தோட்டங்களைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) சூழ்ந்துவிட்ட காலத்திலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கேம்பியத்தை (பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே புதுத் திசு வளரும் மெல்லிய அடுக்கை) ஒட்டி வளையம் வளையமாக இருக்கின்றன. மேலே போகப்போக அவை சற்றே வலப்பக்கம் சாயும். அதனால்தான் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் ஏறக்குறைய 30 பாகையில் இறங்குகிறது. அப்படி வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். கத்தி கேம்பியத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டராவது விட வேண்டும். பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுசுற்றில் அங்கே கோடு ஓடாது.

விடியுமுன் குழாய்க்குள் 10 முதல் 15 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல் நாலு முதல் ஏழு மடங்கு! வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் இது சரியும். நேரங்கழித்து வெட்டினால் பால் குறைவதற்குக் காரணம் அதுதான்.

இனி பாலை நிறுத்தும் அடைப்புக்கு வருவோம். பாலை அதிவேகத்தில் சுழற்றினால் மேலே வெள்ளை ரப்பர், நடுவே தெளிந்த நீர், அடியில் மஞ்சள் கலந்த வண்டல் எனப் பிரியும். அந்த வண்டலில் பெரும்பகுதி லூட்டாய்டுகள்: மெல்லிய ஒற்றைச் சவ்வால் ஆன நுண்பைகள். உள்ளே அமிலத்தன்மையுள்ள நீர், மெக்னீசியம், கால்சியம், புரதங்கள். ரப்பர் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதப்பதால் பால் நீர்மமாக இருக்கிறது.

கத்தி பட்டவுடன் அழுத்தம் சட்டென விழுகிறது. பக்கத்துச் செல்களிலிருந்து குழாய்க்குள் நீர் பாய்ந்து பால் நீர்க்கிறது. லூட்டாய்டுகள் அந்த நீரை உறிஞ்சி உப்பி, வெடிக்கின்றன. கொட்டிய மெக்னீசியமும் கால்சியமும் துகள்களின் மின்னூட்டத்தைத் தணிக்கின்றன. கூடவே வெளிவரும் ஹெவீன், வெறும் 43 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம், துகளையும் துகளையும் இழுத்துப் பிணைக்கிறது. குழாயின் வாயில் கட்டி விழுந்து அடைத்துக்கொள்கிறது. அசிட் செய்யும் வேலையை மரம் தன் சொந்தச் சரக்கை வைத்தே முடித்துவிடுகிறது. இதே ஹெவீன் பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுக்கும். காயத்தை மூடுவதும் காவல் காப்பதும் ஒரே மூலக்கூறு என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடைப்பு வாயில்தான் என்பதற்குச் சான்று உண்டு. நின்றுபோன கோட்டில் இன்னொரு மெல்லிய சீவல் எடுத்தால் பால் மறுபடி ஓடும். அடுத்த வெட்டு நாளில் ஒட்டுப்பாலை (வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டிய பாலை) உரித்துவிட்டு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சீவினாலே போதும் என்பதும் இதனால்தான்.

உங்கள் மரம் எவ்வளவு விரைவாக அடைகிறது என்று நீங்களே அளக்கலாம். முதல் 5 நிமிடப் பாலை அளவுக்குழாயில் பிடியுங்கள். 30 மில்லிலிட்டர் என்றால் நிமிடத்துக்கு 6. அன்றைய மொத்தம் 150 மில்லிலிட்டர் என்றால், 6ஐ 150ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வருவது 4. இந்த அடைப்பு எண் கூடக்கூட ஓட்டம் சீக்கிரம் நிற்கும்.

இந்த வழிமுறைகளில் பெரும்பகுதி 1960களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் உருவானவை. 1925இல் தொடங்கிய அக்கழகம் ரப்பர் மீது வசூலித்த தீர்வையில் நடந்தது; பால் வெட்டியவர்களின் வியர்வையும் அதில் உண்டு. வெட்டுக்கு வரவே ஐந்தாறு ஆண்டு எடுக்கும் மரத்தை இரண்டாண்டு மானியத்தில் ஆராய்ந்துவிடலாம் என்று இன்று பல்கலைக்கழகங்களை நெருக்குவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

அடைப்பைத் தள்ளிப்போடப் பூசும் எத்திஃபான் மருந்தும் அந்தக் காலத்து ஆய்வில் வந்ததுதான். மரத்துக்குள் அது எத்திலீன் வாயுவாகப் பிரிந்து, லூட்டாய்டுகள் எளிதில் உடையாமல் பார்த்துக்கொள்கிறது. பால் மத்தியானம் வரைகூடச் சொட்டும். ஆனால் வடிந்ததை ஈடுகட்ட மரத்துக்கு அவகாசம் வேண்டும். மருந்தையும் பூசி, நாள் தவறாமலும் வெட்டினால், பால் முதலில் நீர்த்துப்போகும். பிறகு கோட்டில் ஆங்காங்கே பால் கசியாத திட்டுகள் தெரியும். அந்தத் திட்டைக் கண்டதும் மருந்தை நிறுத்தி, மரத்துக்கு ஓய்வு கொடுங்கள்.