புது ரெவிட் வந்தாச்சு. நடக்கிற ப்ராஜெக்டை அதில் திறக்காதீர்கள்

ஏப்ரல் வந்தால், கட்டடங்களை முப்பரிமாண மாடலாக உருவாக்க நாங்கள் பயன்படுத்தும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மென்பொருளான ரெவிட்டின் அடுத்த வெர்ஷனும் வந்துவிடும். கூடவே எங்கள் துறையில் கைதட்டலும் புலம்பலும் கிளம்பும். பிம் கோஆர்டினேஷன், அதாவது ஒரே கட்டடத்துக்குப் பலர் செய்யும் டிஜிட்டல் மாடல்களை ஒருங்கிணைக்கும் வேலையில் இருப்பதால் இரண்டையும் விடாமல் கவனிப்பேன். எனக்கு அதிகம் பயன்படுவது புலம்பல்தான்.

2024 வெர்ஷனில் டார்க் தீம் வந்தபோது ஆபீஸ் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். கண்ணுக்கு இதம்தான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால், 2022-இல் சத்தமில்லாமல் வந்த பிடிஎஃப் எக்ஸ்போர்ட்தான் பெரிய வரவு. அதுவரை தனியாக ஒரு பிடிஎஃப் பிரிண்டரைப் போட்டு, ஷீட்டுகளை (வரைபடத் தாள்களை) அதற்கு அனுப்பி, முழ நீளத்துக்கு வந்து விழும் ஃபைல் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தோம். இப்போது ஷீட் நம்பர், ஷீட் பெயர் என்று எந்த வரிசையில் வேண்டும் என ஒருமுறை சொன்னால் போதும். அப்போதும் பலர் கேட்டது, "இதுக்கு இத்தனை வருஷமா?" என்றுதான். நியாயமான கேள்வி. 2020-இல் ஜஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பல கட்டடக்கலை நிறுவனங்கள் ஆட்டோடெஸ்க்குக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலும் இதே ஆதங்கம்தான்: விலை ஏறுகிறது, மென்பொருள் நகரவில்லை. கட்டடக்கலைப் பக்கம் வளர்ச்சி வேகமாக இல்லை என்று ஆட்டோடெஸ்க்கும் ஒப்புக்கொண்டது.

2024-இன் இன்னொரு வரவு, மனையின் நிலத்தை மாடல் செய்யும் டோப்போசாலிட். அதற்கு முன் ரெவிட்டில் நிலம் என்பது தடிமன் இல்லாத வெறும் பரப்பு. இப்போது மண்ணுக்குத் தடிமனும் அடுக்குகளும் கொடுக்கலாம். "சரி, பேஸ்மென்ட்டுக்கு எப்படித் தோண்டுவது?" என்ற முணுமுணுப்புக்குப் பதிலாக, தோண்டுவதற்கென்றே ஒரு கருவி 2025-இல் வந்தது. புது வசதியை முதல் வருஷமே நம்பி இறங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விளம்பரப் பட்டியலில் யாரும் பெரிதாகப் பார்க்காத சங்கதிகள்தான் வேலையை நிறுத்தும். பழைய ஃபைலைப் புது வெர்ஷனில் திறந்து சேமித்தால் அது புது வெர்ஷன் ஃபைலாகவே மாறிவிடும். திரும்பப் பழைய வெர்ஷனுக்குச் சேமிக்க வழியே கிடையாது. ஆர்க்கிடெக்ட் 2025-க்குப் போய்விட்டார், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் 2024-இலேயே இருக்கிறார் என்றால், இவரால் ஆர்க்கிடெக்டின் மாடலைத் தன் ஃபைலில் லிங்க் செய்யக்கூட முடியாது. எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஐஎஃப்சி ஃபைல் வழியாகக் கொடுக்கலாமே என்பார்கள். பார்க்க அது போதும், தொடர்ந்து திருத்தி வேலை செய்ய உதவாது. ரெவிட்டோடு சேர்த்து ஓட்டும் துணை நிரல்களான அட்-இன்களின் கதை தனி. ரெவிட் 2025, மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 8 என்ற நிரல் தளத்துக்கு மாறியதால், ஆபீஸில் சொந்தமாக எழுதிவைத்த அட்-இன்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டிவந்தது. எழுதிய ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்டை ஆரம்பித்த வெர்ஷனிலேயே முடியுங்கள். எந்த வெர்ஷன் என்பதை பிம் எக்ஸிகியூஷன் பிளானில், அதாவது மாடல் வேலை எப்படி நடக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஆவணத்தில், எழுத்தாகப் போடுங்கள். மாறியே தீர வேண்டும் என்றால் எல்லா கன்சல்டன்டும் ஒரே நாளில் மாற வேண்டும். அதற்கு முன், குழு முழுவதும் பகிரும் சென்ட்ரல் மாடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு காப்பியைப் புது வெர்ஷனில் திறந்து, வார்னிங் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, ஷெட்யூல் எனும் அட்டவணைகளில் அளவு மாறியிருக்கிறதா, வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைத்த டைனமோ ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். யாராவது சொல்லாமல் புது வெர்ஷனுக்கு மாற்றி அனுப்பிவிட்டால், அன்றைக்கே பழைய காப்பியைக் கேட்டு வாங்குங்கள். புதியதில் அவர் ஒரு வாரம் வேலை செய்துவிட்டார் என்றால் அந்தப் பழைய காப்பியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.