நர்சரிச் செடி வீட்டுக்கு வந்ததும் ஏன் வாடுகிறது?

ஓசூர் பக்கத்து நர்சரியில் தளதளவென்று நின்ற ஃபைகஸ் செடி, தர்மபுரியில் ஒரு வீட்டு ஹாலுக்கு வந்த இரண்டு வாரத்தில் இலை இலையாகக் கொட்டுகிறது. வாங்கியவர் பதறிப்போய்க் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறார், ஒரு கரண்டி டி.ஏ.பி. உரம் போடுகிறார், அப்புறம் பெரிய தொட்டிக்கும் மாற்றிவிடுகிறார். இடம் மாறியதைத் தாங்கியிருக்கக்கூடிய செடி, இந்த வைத்தியத்தைத் தாங்காமல் செத்துப்போகிறது. அதனால் அந்த இலைகள் ஏன் விழுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகல் வெயிலில் திறந்தவெளி வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். 75 சதவீத நிழல்வலைக்கு அடியில்கூட 25,000 லக்ஸ் கிடைக்கும். ஹாலில் ஜன்னலைவிட்டு ஏழெட்டு அடி தள்ளிப்போனால் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், 'நல்ல வெளிச்சமான ரூம்தானே' என்று நமக்குத் தோன்றுகிறது. செல்போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு ஜன்னலோரத்திலும் சோபா பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். துல்லியமாகக் காட்டாவிட்டாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

இலைக்கும் வரவு செலவு உண்டு. வெளிச்சம் இருக்கும்போது சர்க்கரை தயாரிக்கிறது, இரவு பகல் எந்நேரமும் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. நிறைய வெளிச்சத்தில் வளர்ந்த இலை தடிமனானது, செல்கள் நெருக்கமானவை, செலவும் அதிகம். ஹாலுக்கு வந்ததும் வரவு சுருங்குகிறது, செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. முழுதாக விரிந்துவிட்ட இலையை மெல்லிய நிழல் இலையாக மாற்றியமைக்கச் செடியால் முடியாது. ஆகவே அதிலிருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தில் முடிந்ததை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கைத் தளர்த்தி இலையை விட்டுவிடுகிறது. அந்தச் சத்தைக் கொண்டு குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற புது இலைகளை விடுகிறது. ஃபைகஸ் இதைக் கண்முன்னே நாடகம்போல் செய்யும். மணி பிளான்ட் சத்தமில்லாமல் ஒன்றிரண்டு இலையோடு முடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் அபோப்கா ஆய்வு மையத்தில் சார்லஸ் கோனோவர், ரிச்சர்ட் பூல் இருவரும் 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். விற்பதற்கு முன்பே நிழலைக் கூட்டி, உரத்தைக் குறைத்துப் பழக்கிய செடிகள் வீட்டுக்குள் வந்தபின் நன்றாகவே தாக்குப்பிடித்தன. நம் ஊர்ச் சாலையோர நர்சரிகளில் அப்படிப் பழக்கி விற்க நேரமும் இடமும் இருப்பதில்லை. ஆந்திராவின் கடியத்திலிருந்து தார்ப்பாய் மூடிய லாரியில் வந்து இறங்கும் செடி, இறங்கிய வேகத்திலேயே விற்றுவிடுகிறது. மூடிய இடத்தில் நசுங்கிய இலைகள் விடும் எத்திலீன் வாயுவே இலையுதிர்வைத் தூண்டும் என்பதால், வரும் வழியிலேயே பாதி வேலை தொடங்கியிருக்கும். எனவே பழக்குகிற பொறுப்பு வாங்கியவருக்கு வந்து சேர்கிறது. முதலில் போர்டிகோவிலோ கிழக்கு ஜன்னலோரத்திலோ வையுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்துங்கள்.

காற்றும் மாறுகிறது. 25 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நர்சரிக் குடிலிலிருந்து, 35 டிகிரியும் 40 சதவீதமும் உள்ள கோடைக்கால வீட்டுக்கு வந்தால், இலையிலிருந்து நீரை இழுக்கும் காற்றின் வறட்சி ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிடும். இலைமேல் தண்ணீர் தெளிப்பது சில நிமிடங்களுக்குத்தான் உதவும். ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில் வைப்பது அதைவிட நல்லது.

சரி, தண்ணீர். தொட்டி ஈரமாக இருந்தும் செடி துவண்டு நின்றால், அது வேர் மூச்சுத்திணறும் அடையாளம். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. நர்சரிச் செடிகள் பல தென்னை நார்க்கழிவில் வளர்கின்றன. அது நீரை நன்றாகப் பிடித்துவைக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிப்பதும் குறைவதால் ஈரம் நாள்கணக்கில் காய்வதே இல்லை. காற்றில்லாத வேர் நீரை உறிஞ்ச முடியாது, அழுகவும் தொடங்கும். பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் எட்டாத ஈரம் இன்னும் கூடும்.

சந்தேகம் வந்தால் பார்த்துவிடுவதே மேல். தண்டின் அடியை விரல் இடுக்கில் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து, வேர்க்கட்டியை அப்படியே வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாகவோ இளமஞ்சளாகவோ, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் பழுப்புத் தோல் மட்டும் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மிஞ்சும். அவற்றை வெட்டியெடுத்துவிட்டு, அதே அளவு தொட்டியில், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, புதுக் கலவையில் வையுங்கள். வேர் நன்றாக இருந்தால் எதையும் கலைக்காமல் திரும்ப வைத்துவிடலாம். எதிர்மாறாகவும் நடக்கும்: முழுக்கக் காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். அப்போது தொட்டியை அரைமணி நேரம் வாளித் தண்ணீரில் உட்காரவைத்தால் ஊறிக்கொள்ளும்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பற்களில் பழுப்புக்கறை ஏற்படுத்திய அதே ஃபுளோரைடு, செடியின் இலை நுனியையும் கருக்கும். இங்குள்ள கிரானைட், நைஸ் (gneiss) பாறைகளின் தாதுக்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். ஆனால் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், செடிக்கு போர்வெல் தண்ணீர் என்பதுதான் பல வீடுகளின் வழக்கம்.

வேர் உறிஞ்சிய நீரோடு ஃபுளோரைடும் மேலே போகிறது. நீர் இலைத்துளை வழியே ஆவியாகிவிடுகிறது, ஃபுளோரைடு அங்கேயே தங்கி நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். டிராசீனா, ஸ்பைடர் பிளான்ட் போன்றவற்றின் நுனி கருக அதுவே போதும். ஃபைகஸும் மணி பிளான்ட்டும் இதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

இரவு முழுக்கத் தண்ணீரைத் திறந்துவைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்கவைத்தால் நீர் குறைந்து அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் குடிநீராகப் பிரிந்தால், மீதியில் உப்பும் ஃபுளோரைடும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். டிராசீனாவுக்கு மழைநீர்தான் சிறந்தது. மொட்டைமாடி மழைநீரை இரண்டு டிரம் பிடித்துவைத்தாலே நாலைந்து தொட்டிகளுக்கு வெகுநாள் வரும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. வேண்டுமானால் இலையின் வடிவத்திலேயே கத்தரித்துவிடுங்கள், பச்சைப் பகுதியில் வெட்டாமல் ஒரு மயிரிழை பழுப்பை விட்டுவிட்டு. செடி தேறுகிறதா என்பதைக் குருத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று புது இலை நுனி கருகாமல் விரிந்தால் உரம் கொடுக்கத் தொடங்கலாம், அதுவும் பாதி அளவில். சூப்பர் பாஸ்பேட் மட்டும் டிராசீனாவுக்கு வேண்டாம். அது தயாராகும் பாஸ்பேட் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.