டாக்டரின் 30 விநாடி

இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் டாக்டர் எடைப் பேச்சை எடுக்கலாமா? மனம் புண்படுமே, வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்களே, சொன்னாலும் கேட்கவா போகிறார்கள்? இப்படியெல்லாம் யோசித்தே பல மருத்துவர்கள் வாயைத் திறப்பதில்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பால் அவேயார்ட் குழுவினர் இதை இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. 137 குடும்ப மருத்துவர்கள். உடல் பருமன் உள்ள 1,882 பேர். எல்லோரும் வேறு ஏதோ தொந்தரவுக்காக வந்தவர்கள். அதைப் பார்த்து முடித்ததும் எடையைப் பற்றி 30 விநாடிப் பேச்சு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு, "எடை குறைந்தால் உடம்புக்கு நல்லது" என்ற அறிவுரை மட்டும். மறுபாதிக்கு, 12 வாரம் நடக்கும் எடைக்குறைப்புக் குழுவில் இலவச இடம்.

சூட்சுமம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. சரி என்றவருக்கு, கிளம்பும் முன்பே வரவேற்பு மேசையில் பதிவு செய்து கொடுத்தார்கள். 4 வாரம் கழித்து வந்து பார்க்கவும் சொன்னார்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வீட்டுக்குப் போனால் அந்த எண்ணம் வாசலோடு சரி. நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே! 100-க்கு 77 பேர் சம்மதித்தார்கள், 40 பேர் குழுவுக்குப் போயும் விட்டார்கள். பேச்சே பொருத்தமற்றது, உதவாதது என்று முகம் சுளித்தவர்கள், 1,882 பேரில் வெறும் 4 பேர்.

ஓராண்டு முடிவில் அறிவுரை மட்டும் கேட்டவர்கள் சராசரியாக 1.04 கிலோ குறைந்திருந்தார்கள். குழுவுக்கு அனுப்பப்பட்டவர்கள் 2.43 கிலோ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் போகாமலே இருந்துவிட்டவர்களும் இந்தச் சராசரிக்குள் அடக்கம். தவிர, மருத்துவர் செலவிட்டது அரை நிமிடம்.

குழுவில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாராவாரம் எடை பார்ப்பது, தின்றதை எழுதி வைப்பது, அடுத்த வாரத்துக்குச் சின்னதாக ஓர் இலக்கு. இது மாதக்கணக்கில் தேவைப்படுவதற்குக் காரணம் உடம்பேதான். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவின் கணக்குப்படி, ஒரு கிலோ குறைந்தால் உடல் நாளொன்றுக்கு எரிப்பதில் 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. 5 கிலோ குறைத்தவருக்கு 500 கலோரிப் பசி! அவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்பது அநியாயம்.

குழு நீண்ட நாள் நடந்தால் பலன் கூடும் என்பது 2017-இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில் தெரிந்தது. 12 வாரக் குழுவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 4.75 கிலோ குறைந்தார்கள். அதையே 52 வாரமும் நீட்டித்தபோது 6.76 கிலோ.