அந்த 100 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

போன வாரம் சரிபார்க்கச் சொல்லி இன்னோர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கோப்பைத் திறப்பதற்கு முன்பே, மாதிரி எண்ணிக்கை, அதாவது கேள்வி கேட்க எடுத்த ஆட்கள், 100 ஆகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். திறந்தேன். 100 தான்.

மத்திய ஜாவாவில் பெக்கலோங்கான் பக்கம் வீட்டிலேயே மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணி போட்டு விற்கிறவர்களைப் பற்றிய ஆய்வு. எழுதியவர் இளம் விரிவுரையாளர்; பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வியாபாரத்தைக் கூட்டுகிறதா, நடுவில் புதுமை நாட்டம் என்ற ஒன்று வேலை செய்கிறதா என்பது கேள்வி. கூகுள் ஃபார்ம், வாட்ஸ்அப் குழு, ஐந்து புள்ளி அளவுகோல் (5 என்றால் முழுச் சம்மதம்), ஸ்மார்ட்பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள், அது வரைந்த படத்தில் எல்லா அம்புக்குறிக்கும் மேலே 'இந்தத் தொடர்பு தற்செயல் இல்லை' என்கிற நட்சத்திரம். மாதிரி அளவு பற்றி மட்டும் ஒரே வரி: ஸ்லோவின் சூத்திரப்படி கணக்கிடப்பட்டது.

நான் புள்ளியியல்காரன். இந்தோனேசியாவில் நடக்கும் மேலாண்மை, தொழில்முனைவு, சமூகவியல் ஆய்வுகளைச் சரிபார்ப்பது பத்து வருஷமாக என் பிழைப்பில் பாதி. இந்த ஒரு வரியை எத்தனை முறை சிவப்பில் சுழித்தேன் என்று எண்ணி வைத்திருந்தால் அதையே ஓர் ஆய்வேடாகப் போட்டிருப்பேன். இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூத்திரம் ரொம்பச் சின்னது. மொத்த எண்ணிக்கையை, பிழை வரம்பின் வர்க்கத்தால் பெருக்கி, அதோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள். வந்த எண்ணால் மொத்த எண்ணிக்கையை வகுங்கள். பிழை வரம்பு என்று எல்லோரும் போடுவது 10 சதவீதம். மொத்தம் 2,000 பேர் என்றால் விடை 95.2. 10,000 பேர் என்றால் 99. இந்தோனேசியாவின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மொத்தமும், அவர்கள் வாயில் 'ஊ-எம்-கா-எம்', ஆறு கோடிக்கு மேல். அத்தனையையும் உள்ளே போட்டாலும் 100-ஐத் தாண்டாது. எதைப் போட்டாலும் 100-ஐ ஒட்டியே கக்குகிற பெட்டி அது. அதனால்தான் மேடானில் காபிக்கடை ஆய்வுக்கும் மக்காசாரில் மீன் வியாபாரி ஆய்வுக்கும் ஒரே எண்ணிக்கை வருகிறது.

யார் அந்த ஸ்லோவின் என்று தேடிப் பார்த்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். 1967-இல் புள்ளியியல் பாடநூலில் தாரோ யமானே எழுதியதும் இதே சூத்திரம்தான். ஆனால் அது எதற்கு என்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. முழுப் பட்டியல் கையில் இருந்து, அதிலிருந்து சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஆள் எடுத்து, 'ஆம்' என்றவர்கள் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடத்தான் அது. நூறு பேரில் 60 பேர் இன்ஸ்டாகிராமில் விற்கிறேன் என்றால், உண்மை 50-க்கும் 70-க்கும் நடுவே எங்கோ இருக்கலாம் என்பதுதான் அந்த 10 சதவீதத்துக்கு அர்த்தம். பாதிப்பேரா, மூன்றில் இரண்டு பங்குக்கு மேலா என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாது. புதுமை நாட்டம் நடுவில் நின்று வேலை செய்கிறதா என்பதற்கும் இந்தச் சூத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குத் தேவையான மாதிரி அளவு, நீங்கள் தேடும் விளைவு எவ்வளவு சின்னது என்பதைப் பொறுத்தது.

இதைச் சொன்னால் பதிலுக்கு ஒரு பழமொழி வரும்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரி, ஏன் பதம்? ஒரே அரிசி, ஒரே தீ, கிளறிவிட்ட பானை. வாட்ஸ்அப் குழு கிளறாத பானை. அதில் இருப்பவர்கள் பயிற்சி முகாமுக்கு வந்தவர்கள், ஸ்மார்ட்போன் உள்ளவர்கள், அந்த விரிவுரையாளரின் பழைய மாணவர்கள், அவர்களின் அத்தை, மாமா. டிஜிட்டல் மார்க்கெட்டிங்கைப் பற்றி அறிய, ஏற்கெனவே டிஜிட்டலில் இருப்பவரிடம் மட்டும் கேட்டால் என்ன வரும்? அதே கட்டுரையில் இரண்டு பத்தி தள்ளி 'நோக்க மாதிரி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். நோக்கம் பார்த்து ஆள் எடுத்தால் எடுங்கள், தப்பில்லை. பிறகு எதற்குக் குலுக்கி எடுப்பதற்கான ஸ்லோவின்? தலையில் ஹெல்மெட்டும் காலில் நீச்சல் துடுப்பும் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

முன்னுரையில் 'இந்தோனேசியத் தொழில்முனைவோர்' என்று எழுதும் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். 38 மாகாணம், எழுநூறுக்கு மேல் மொழி. போதாததற்குக் குறுந்தொழில் என்ற வரையறையே நகர்ந்துகொண்டிருக்கிறது. 2008 சட்டப்படி ஆண்டு விற்பனை 30 கோடி ரூப்பியா வரை குறுந்தொழில். 2021 அரசாணையில் அது 200 கோடி. அதாவது 150 கோடிக்கு விற்றவர் 2020-இல் சிறுதொழில், அடுத்த வருஷம் குறுந்தொழில். புள்ளியியல் துறையான பேபேயெஸ் ஆள் எண்ணிக்கையைப் பார்க்கும்: நான்கு பேர் வரை குறு, 5 முதல் 19 வரை சிறு. எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

கேள்வித்தாள் வேறு தனிக் கதை. ஒருமுறை யோக்யகர்த்தாவில் ஒரு மாணவரோடு கூடவே போனேன். தெருவோரம் தெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) பொரித்து விற்கும் அம்மா. மாணவர் படித்தார்: "எனது நிறுவனம் புதுமையான உத்திகளைத் தொடர்ந்து கடைப்பிடிக்கிறது." அந்த அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, "எந்த நிறுவனம்?" என்றார். மாணவர் வாணலியைக் காட்டினார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உனக்கு எதில் டிக் வேணுமோ அதில் போட்டுக்கோ, மாஸ்." மாஸ் என்றால் அண்ணன்; இளைஞர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாணவரும் 5-இல் போட்டுக்கொண்டார். அந்த 5-தான் பிறகு நட்சத்திரம் ஆகிறது.

அதே தாளில் 'மோடால்' எவ்வளவு என்று ஒரு கேள்வி. நம் 'முதல்' கடல் கடந்து போய் ஆன சொல். ஆய்வாளர் மனதில் இருப்பது நிறுவன மூலதனம். அந்த அம்மா சொன்னது அன்று காலை சந்தையில் தெம்பேக்கும் எண்ணெய்க்கும் போட்ட காசு. நம்மூர்க் கடைக்காரர் சொல்லும் 'முதல்' மாதிரியேதான். அவர் சொன்னதில் பிழையில்லை.

பாடாங் உணவகங்களில் வேலை செய்பவர்களிடம் 'மாதச் சம்பளம் திருப்தியா' என்று கேட்ட ஆய்வையும் பார்த்துவிட்டேன். இந்த உணவகங்கள் மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களுடையவை; பழைய வழக்கம் விடாத கடைகளில் மாதச் சம்பளமே கிடையாது. 'மாத்தோ' என்று பங்குப் புள்ளி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். ஆய்வு செய்ய வேண்டிய விஷயமே அதுதான்! அதை விட்டுவிட்டு மேலைநாட்டுக் கேள்வித்தாளைக் கூகுளில் மொழிபெயர்த்துக்கொண்டு போய் நிற்கிறார்கள்.

ஜாவாவில் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லக் கூசுவார்கள். 'எவு பக்கெவு' என்பார்கள் அதை. பதில்கள் எல்லாம் 4-லும் 5-லும் குவிவதற்கு அதுவும் ஒரு காரணம். விற்பனைத் தொகை கேட்டால் இன்னொரு சிக்கல். வரிக்காரரோ என்று பயந்தவர் குறைத்துச் சொல்வார். 2020-இல் கொரோனா உதவியாகக் குறுந்தொழிலுக்கு 24 லட்சம் ரூப்பியா கொடுத்தது நினைவிருப்பவர், இதுவும் அப்படி ஏதாவது பட்டியலோ என்று நினைத்து அதற்கேற்பச் சொல்வார். விற்பதையும் புதுமையையும் ஒரே ஆள், ஒரே தாளில், ஒரே உட்காரலில் மார்க் போட்டால் இரண்டும் சேர்ந்தே ஏறும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தோனேசியாவில் நல்ல ஆய்வு நடக்கவில்லையா? உலகமே பாடமாகப் படிக்கிற ஆய்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் கிழக்கு, மத்திய ஜாவாவில் 608 கிராமங்களில் சாலைப்பணி ஊழலை அளந்தார், 2007-இல் வெளியானது. 'உங்கள் ஊரில் ஊழல் உண்டா, 1 முதல் 5' என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. பொறியாளர்களை அனுப்பிப் போட்ட சாலையைத் தோண்டி, எவ்வளவு கல், எவ்வளவு மணல் என்று பார்த்து, ஊர் விலை விசாரித்து, கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். கணக்குத் தணிக்கை கட்டாயம் வரும் என்று சொல்லப்பட்ட கிராமங்களில் காணாமல் போன பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. மக்கள் மனதில் பட்ட ஊழலுக்கும் சாலையில் தெரிந்த ஊழலுக்கும் இருந்த தொடர்பு மிகச் சன்னம் என்று பிறகு தனியே காட்டினார். எல்லோராலும் சாலையைத் தோண்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெம்பே கடையில் ஒருநாள் உட்கார்ந்து எத்தனை துண்டு விற்றது என்று எண்ணலாமே.

தயவுசெய்து சிலது மட்டும் செய்யுங்கள். ஊர் அலுவலகத்திலோ கூட்டுறவுத் துறையிலோ பட்டியல் கேளுங்கள். பழையதாக இருக்கும், இருந்தாலும் வாட்ஸ்அப்பை விட மேல். பட்டியல் கிடைக்கவே இல்லையா? பதினைந்து கடையை ஆழமாகப் பாருங்கள், அதைக் கௌரவமாக அப்படியே எழுதுங்கள். யாரும் 100 கேட்கவில்லை. கேள்வித்தாளை ஐந்து பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர்கள் சிரிக்கும் இடத்தை அடியுங்கள். புதிதாகத் தரவு எடுக்கவே வேண்டாம் என்றால் இந்தோனேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு இருக்கிறது. 1993 முதல் 2014 வரை ஐந்து சுற்று, அதே குடும்பங்களைத் தேடிப்போய் எடுத்தது, வீட்டுத் தொழில் பற்றியும் கேள்வி உண்டு, இலவசம். 13 மாகாணம்தான் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களே, சுற்றுலா விசாவில் பாலிக்குப் போய்க் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். 2019 சட்டப்படி ஆய்வுக்கு அனுமதி வேண்டும், இப்போது கொடுப்பது 'ப்ரின்' என்ற தேசிய ஆய்வு அமைப்பு. பதில் சொன்னவர்களின் அடையாள அட்டைப் படம், போன் நம்பர் எல்லாம் கூகுள் டிரைவில் திறந்தபடி கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். 2022-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்துவிட்டது, எடுத்துவிடுங்கள். காசுக்கு ஆய்வேடு எழுதிக்கொடுக்கும் 'ஜோக்கி' ஆட்களிடம் போகிறவர்களுக்கு என்னிடம் அறிவுரை எதுவும் இல்லை.

பெக்கலோங்கான் விரிவுரையாளருக்கு இதில் பாதியை மெயிலில் எழுதியிருந்தேன். பட்டியலை எங்கே கேட்கலாம் என்பதுவரை சொல்லி, இரண்டு பக்கம். நேற்று ராத்திரி பதில் வந்தது. மிகுந்த மரியாதையோடு, நாலு நன்றியோடு, கடைசியில், ஐயா என்பதற்கு அவர்கள் சொல்லும் 'பாக்' போட்டு ஒரு கேள்வி:

"பாக், 150 ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமா?"