கீழ கெடந்துச்சு, எடுத்தேன் சார்

இந்த மாசத்துல இது மூணாவது ஆளு. ஜார்ஜ் டவுன் கோர்ட்டாண்ட டீக்கடையில நின்னுட்டிருக்கேன், தண்டையார்பேட்ட பையன் ஒருத்தன் வந்து "சார் நான் திருடல சார், ஷேர் ஆட்டோல கீழ கெடந்துச்சு, எடுத்தேன்"னு ஆரம்பிக்கிறான். போன வாரம் இதே டயலாக்க ஒரு வெல்டர் சொன்னாரு, அதுக்கு முன்னாடி ஒரு பெயிண்டர். மூணு பேருமே கைத்தொழில் பண்றவங்க, மூணு பேரு எடுத்ததும் இன்னொரு தொழிலாளியோட சாமான். அதான் எரிச்சலா வருது. (நான் வக்கீல். எங்கிட்ட கேஸோட வர்றவங்க விஷயம், ஆளு தெரியக்கூடாதுன்னு அங்கங்க மாத்திதான் எழுதறேன்.)

பையன் எடுத்தது ஒரு ஏசி மெக்கானிக்கோட பை. கிளாம்ப் மீட்டர், கேஸ் கேஜ், ஃப்ளேரிங் டூல், ஸ்பானர் நாலு, பச்ச டேப் சுத்தின கட்டிங் பிளேயர் ஒண்ணு. பையோட மூடிய தொறந்தா உள்பக்கம் கறுப்பு மார்க்கர்ல போன் நம்பர் பத்து இலக்கமும் பளிச்சுனு இருக்கு. "நம்பர பாக்கலயாடா?"ன்னு கேட்டா "கவனிக்கல சார்"ங்கறான், ஆனா மீட்டரு என்ன கம்பெனி, என்ன மாடல், புதுசு என்ன வெலைன்னு கேக்காமயே ஒப்பிக்கிறான். மீட்டர எழுநூறு ரூபாய்க்கு தள்ளிட்டு மிச்சத்த வச்சு அவனே வேல பாத்துட்டிருந்திருக்கான். விம்கோ நகர் பக்கம் ஒரு சைட்டுல பச்ச டேப் பிளேயர பாத்து பைக்காரரு அப்படியே கையப் புடிச்சிட்டாரு.

இப்ப நான் தெனம் தொண்ட கிழிய சொல்ற விஷயத்துக்கு வரேன். திருடல, சரிப்பா, ஒத்துக்கறேன். திருட்டுன்னா ஒருத்தர் கைவசம் இருக்கறத அவரு சம்மதம் இல்லாம நவுத்தறது, நீ அத செய்யல. ஆனா திருட்டு இல்லன்னா குத்தமே இல்லன்னு உனக்கு யாரு சொன்னா? கையாடல்னு தனியா ஒண்ணு இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 403வது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால (பிஎன்எஸ்) 314. பழசுல வெறும் ஃபைனோட கூட முடிஞ்சிருக்கும், புதுசுல கொறஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஃபைனும். இது நிறைய பேருக்கு இன்னும் தெரியல, சில ஜூனியர்களுக்கே தெரியல, அத விடுங்க.

எடுத்தது தப்பே இல்ல. சட்டமே அத தெளிவா சொல்லுது, பத்திரமா வச்சு உடையவங்ககிட்ட குடுக்கணும்னு எடுத்தா எந்தக் குத்தமும் கெடயாது. எடுத்துட்டு மறுநாள் என்ன பண்ணேங்கறதுலதான் மாட்டறீங்க. யாரோடதுன்னு தெரிஞ்சும், இல்ல தெரிஞ்சிக்க வழி இருந்தும், நம்மளுதுன்னு முடிவு பண்ணி யூஸ் பண்ண ஆரம்பிச்ச அந்த நிமிஷம் இருக்கு பாருங்க, குத்தம் அங்கதான் பொறக்குது. "ஒரு மாசமா யாரும் வந்து கேக்கல சார்"னு வேற சொல்றாங்க. எப்படி வருவான்? அவன் சாமான் உன் வீட்டு கட்டிலுக்கு அடியில இருக்குன்னு அவனுக்கு ஜோசியமா தெரியும்? தேட வேண்டியது கண்டெடுத்தவன் பொறுப்பு. எத்தன நாள்னு சட்டத்துல கணக்கு போடல, நியாயமான காலம்னுதான் இருக்கு. மூடியில நம்பர் இருக்கற பைக்கு ஒரு போன் கால் கூட போடலன்னா எந்த மாஜிஸ்ட்ரேட்கிட்டயும் அத நியாயமான முயற்சின்னு என்னால வாதாட முடியாது.

கண்டெடுத்தவருக்கு உரிமையே இல்லன்னும் இல்ல. 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல 71வது பிரிவு உங்கள பொருளப் பாத்துக்கற ஆளா வைக்குது. பாதுகாக்க ஆன செலவ குடுக்கற வரைக்கும் 168ல நீங்க பொருள புடிச்சு வச்சிக்கலாம், பரிசு அறிவிச்சிருந்தா கேஸ் போட்டே வாங்கலாம். லண்டன்ல 1722லயே புகைக்கூண்டு சுத்தம் பண்ற பையன் ஒருத்தன் கண்டெடுத்த நகையில இருந்து கல்ல நகைக்கடை ஆளு சுட்டப்ப, உண்மையான சொந்தக்காரனத் தவிர மத்த எல்லாரையும் விட கண்டெடுத்தவனுக்குத்தான் உரிமைன்னு தீர்ப்பாச்சு. லா காலேஜ்ல எல்லாரும் படிக்கறதுதான். வெளிய வர்றப்போ "கண்டெடுத்தவனுக்கே உரிமை"ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கு, "சொந்தக்காரனத் தவிர"ங்கறது காணாம போயிடுது.

இன்னொரு ரகம் இருக்கு, இது எனக்கு இன்னும் கோவம் வரவைக்கறது. கொடுங்கையூர்ல ஒரு வீட்டம்மா, டைல்ஸ் ஒட்ட வந்தவரு மறந்து வச்சிட்டுப் போன கட்டிங் மெஷின குடுக்க மாட்டேங்கறாங்க. வேலைய பாதியில விட்டுட்டாராம், முடிச்சா தருவாங்களாம். அம்மா, அவரு வேல முடிக்கலன்னா அதுக்கு தனியா வழி இருக்கு, அட்வான்ஸ திருப்பிக் கேளுங்க, நோட்டீஸ் விடுங்க, மெஷின்ல கை வைக்காதீங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவுல, கடன் கட்டாதவரோட சொத்த கோர்ட் ஜப்தி பண்ணும்போது கூட தொடக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. கட்டுற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கிற படுக்க, அதுக்கு அடுத்ததே கைத்தொழிலாளியோட கருவி. 1908லயே எழுதி வச்சிருக்காங்க. கடன வசூல் பண்ண கோர்ட் தீர்ப்ப (டிக்ரி) கையில வச்சிருக்கறவனுக்கே தொட உரிமை இல்ல, உங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்களும் கேட்டுக்கோங்க. கையாடின பொருளும் சட்டப்படி திருட்டுப் பொருள்தான், தெரிஞ்சே வாங்கினா மூணு வருஷம் வரைக்கும் போகும். ஐயாயிரம் ரூபா மீட்டர எழுநூறுக்கு ஒருத்தன் நீட்டுறான்னா ஏன்னு கேக்க மாட்டீங்களா?

கெடச்சா என்ன பண்ணணும்? பையத் தொறந்து பேரு, நம்பர், பில்லு இருக்கான்னு பாருங்க. ஆட்டோன்னா டிரைவர்கிட்ட, ஸ்டாண்டுல சொல்லி வைங்க, சைட்டுன்னா மேஸ்திரிகிட்ட. பக்கத்து ஹார்ட்வேர் கடையில சொல்லுங்க, சாமான் தொலச்சவன் மொதல்ல அங்கதான் வருவான். ஸ்டேஷன்ல குடுத்தா எழுதி வாங்கிக்குங்க. உள்ள என்னென்ன இருக்குன்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க, கேட்டு வர்றவரே சொல்லட்டும்.

தொலைக்கறவங்களே, உங்களையும் திட்டணும். இன்ஷியல பஞ்ச் அடிச்சு வைங்கப்பா, பில்ல போட்டோ எடுத்து வைங்க. ஆயுத பூஜைக்கு அத்தனையும் வரிசையா அடுக்கி பொட்டு வைக்கிறீங்கல்ல, அன்னிக்கே ஒரு போட்டோ எடுத்தா கேஸுக்கு அது போதும்.

பையன் விஷயம் சமரசத்துல போயிட்டிருக்கு. பைக்காரரு நல்ல மனுஷன், பை வந்தாச்சு, மீட்டர் மட்டும் வந்தா போதும், புகார வாபஸ் வாங்கிக்கறேன்னாரு. பையன் தன்கிட்ட மீட்டர வாங்கிட்டுப் போன ஆளத் தேடி ரெண்டு ஞாயித்துக்கிழமையா மூர் மார்க்கெட் பக்கம் சுத்தறான். நேத்து போன் பண்ணி, கெடைக்கலன்னா புதுசாவே வாங்கிக் குடுத்துடறேன் சார், தவணையில குடுப்பாங்களான்னு கேக்கறான். விசாரிச்சு சொல்றேன்னு சொல்லிருக்கேன்.